செத்த காலேஜுக்கு ஓர் அர்ச்சனைத் தட்டு

சமையலறையில் உளுந்து அரைத்துக்கொண்டிருந்தேன். ஆட்டுக்கல் சத்தத்தையும் மீறிக் கூடத்திலிருந்து என் கணவரின் சிரிப்பு கேட்டது. குழவியை நிறுத்திவிட்டேன்.

அவர் லேசில் சிரிக்கிற ஆள் இல்லை. செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். வகுப்பில் வைத்துக்கொள்கிற முகத்தையே வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு வருவார்.

கை மாவோடு எட்டிப் பார்த்தேன். அவர் ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். எதிர்க்கதவுக்குப் பின்னால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வசந்தா நின்றிருந்தாள். என் கொழுந்தன் சுந்தரத்தின் மனைவி, எனக்கு ஓரகத்தி. எங்கள் வீட்டில் இளைய மருமகள் மூத்தார், அதாவது புருஷனின் அண்ணன், எதிரே நிற்கக் கூடாது. கதவுக்குப் பின்னால் நின்று பேசலாம். அன்றைக்கு அந்தக் கதவு பாதிதான் சாத்தியிருந்தது.

"அப்புறம் மாமா?" என்றாள் வசந்தா.

"அப்புறம் இன்னா, முதல்ல மெழுகுல பொம்மை செய்வாங்கம்மா. அது மேல மண்ணு பூசிக் காயவெச்சு, சூடு பண்ணுவாங்க. மெழுகு உருகி ஓடிடும். அந்த இடத்துல வெண்கலத்தக் காய்ச்சி ஊத்துவாங்க."

"அய்யோ, மெழுகு பொம்ம போயிடுமே!" என்றாள் அவள். அதற்குத்தான் அவர் மறுபடியும் சிரித்தார்.

எனக்கு அவரோடு ஐந்து வருடக் குடித்தனம். ஒரு நாளாவது என்னிடம் மெழுகைப் பற்றிப் பேசியிருப்பாரா? பேசியிருந்தால் நான் உட்கார்ந்து கேட்டிருப்பேனா என்பது வேறு சமாசாரம். பேசவில்லை, அவ்வளவுதான்.

இந்தத் தொடரைப் படித்துவரும் ஒரு வாசகி, "எல்லாரையும் நல்லவிதமாகவே எழுதுகிறீர்களே, உங்களுக்கு யார்மேலும் பொறாமையே வந்ததில்லையா?" என்று கேட்டிருந்தார். அம்மா தாயே, இந்த வாரம் முழுக்க அதுதான். உளுந்து அரைத்துக்கொண்டே என் வயிறு எரிந்த கதை.

கல்லைப் பார்க்க வந்த மாப்பிள்ளை

நான் பிறந்தது மகாபலிபுரத்தில். இன்றைக்கு அந்த ஊரைச் சொன்னால் எல்லாரும் கண்ணை விரிக்கிறார்கள். எங்களுக்கு அது வெறும் ஊர். கல் மண்டபத்துக்கு மேலே ஏறி வடகம் காயப்போட்டு, காக்கை ஓட்டுவதற்கு ஒரு குச்சியோடு உட்கார்ந்திருப்போம். அப்பாவுக்குக் கடலோரம் சவுக்குத்தோப்பு. வெட்டின கட்டையெல்லாம் மாட்டு வண்டியில் விறகுக்கடைகளுக்குப் போகும்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று சொஜ்ஜி, பஜ்ஜி எல்லாம் ஆறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையைக் காணோம். ஆள் விட்டுத் தேடினால், பெரிய பாறையில் செதுக்கியிருக்கிற யானைகளுக்கு எதிரே வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறாராம். கூட்டிக்கொண்டு வந்தார்கள். வேட்டியெல்லாம் மணல். என்னை நிமிர்ந்து ஒரு தரம் பார்த்தார். பிறகு என் அப்பாவிடம், "அந்தக் குட்டி யானைங்க ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி நிக்குது, கவனிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"நல்ல சாது" என்று என் அப்பா சந்தோஷப்பட்டார். எனக்கு அந்த யானைகள் மேல் அன்றைக்கு வந்த ஆத்திரம் கடைசிவரை போகவில்லை.

சரி, கல்லோடு போட்டி போட முடியாது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். கல் பதில் பேசாது. வசந்தா பேசுகிறாள்.

வாயைத் திறந்து கேட்கக் கூடாது

அந்த வருடக் காணும் பொங்கலுக்குக் குடும்பத்தோடு எங்கே போவது என்றுதான் வீட்டில் பேச்சு. காணும் பொங்கலன்று விடிந்த பிறகு வீட்டில் அடுப்பு மூட்டினால் அது நாள் இல்லை. புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். பெரியவர்களைப் பார்த்து விழுந்து கும்பிட்டு, ஆத்துப்பக்கமோ கடல்பக்கமோ உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும்.

எனக்கு மகாபலிபுரம் போக வேண்டும். கடலுக்காக இல்லை, அம்மாவுக்காக. அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அந்தத் தோப்பு வீட்டில் அம்மா தனியாக இருந்தாள். கூடப் பிறந்தவர்கள் எனக்கு யாரும் இல்லை. செங்கல்பட்டில் பஸ் ஏறினால் திருக்கழுக்குன்றம், அதைத் தாண்டினால் எங்கள் ஊர். ஒரே பஸ்தான். ஆனால் அந்தப் பஸ்ஸில் நானாக ஏற முடியாது.

எங்கள் மாமியார் வீட்டு வழக்கம் அப்படி. 'அம்மா வீட்டுக்குப் போகிறேன்' என்று மருமகள் தன் வாயால் கேட்கக் கூடாது. அங்கிருந்து ஓர் ஆண்பிள்ளை வந்து அழைக்க வேண்டும். இல்லாவிட்டால் புருஷன் தானாகச் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டால், "இன்னாடி, இங்க உனக்கு சோறு போடலியா?" என்று மாமியார் ஆரம்பிப்பார். அது தெருக்கோடி வரைக்கும் போகும்.

அழைக்க ஆண்பிள்ளை இல்லை. அதனால் அவர் வாயிலிருந்து வர வேண்டும். "காணும் பொங்கலுக்கு சரோஜா ஊருக்குப் போலாம்" என்று ஒரு வார்த்தை. அதற்காக நான் காத்துக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்னது என்ன தெரியுமா? "எல்லாரும் மெட்ராசுக்குப் போய் மியூசியம் பாக்கலாம்."

சாமியா, பொணமா?

எழும்பூர் மியூசியத்துக்கு எங்கள் பக்கத்தில் செத்த காலேஜ் என்று பேர். மிருகக்காட்சிசாலைக்கு உயிர் காலேஜ். உயிரோடு இருப்பதெல்லாம் அங்கே, செத்துப்போனதெல்லாம் இங்கே. கணக்கு சரிதானே?

"பொங்கலும் அதுவுமா செத்த காலேஜா?" என்று மாமியார் கையை உதறினார். "போய்ட்டு வந்தா தல முழுவணும். வூட்டுல மஞ்சக்கொத்து கட்டின பானை கீது."

"அப்ப உயிர் காலேஜுக்குப் போலாம்மா. புலி கீது, சிங்கம் கீது, கொயந்தைக்கும் காட்டலாம்" என்றான் சுந்தரம். என் பெண்ணுக்கு அப்போது இரண்டு வயது. அவள் பேரைச் சொல்லி இவன் புலி பார்க்க வேண்டும்.

நான் விடுவேனா? "அத்தே, எதுக்கு மெட்ராசு, கூட்டம், புழுதி? கடக்கரைக்குப் போனா நல்ல காத்து. கொயந்தை மணல்ல வெளாடும். சாப்பாட்டக் கட்டினு போய் உக்காந்தா ஒரு செலவு இல்ல" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா என்ற ஒரு வார்த்தையைத் தவிர. சொல்லிக்கொண்டே அவர் முகத்தையும் பார்த்தேன். அவர் என்னவோ மேல்கூரையில் உத்திரம் எண்ணிக்கொண்டிருந்தார்.

மாமியார் என் பக்கம் சாய்ந்துவிட்டார். அப்போதுதான் கதவுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல்.

"அத்தே, அங்க செத்தது மட்டும் இல்லியாம். நடராஜரே நாலஞ்சு பேரு இருக்காராம். அம்மன், பெருமாள், ராமர் லட்சுமணர் எல்லாம் கோயில்ல இருந்து வந்தவங்களாம். பூமிக்குள்ள கெடந்து எடுத்தவங்களாம்."

மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பூமிக்குள்ள இருந்தா? தானா வந்த சாமியா?"

"ஆமாம்மா" என்றார் என் கணவர் அவசரமாக. "ஆயிரம் வருஷத்து சாமிங்க."

"அங்க எலும்பு கீது, பொணம் கீது. தீட்டு அத்தே" என்றேன் நான்.

"சாமி இருக்கிற எடத்துல தீட்டு ஏதுக்கா?" என்றது கதவு.

இரண்டு மூன்று நாள் இதே வழக்கு. நான் ஒரு பக்கம், அவரும் கதவும் ஒரு பக்கம். என் தொண்டை கட்டிப்போகிற வரைக்கும் சண்டை போட்டேன். ஒரு மத்தியானம் வசந்தா சமையலறை மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மியூசியம் போக முடியாமல் போய்விடுமோ என்று ஒரு பெண் அழுவாளா? அழுகிறாளே! எந்தச் சிலைக்காக அழுகிறாள், யாரோடு சேர்ந்து பார்ப்பதற்காக அழுகிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு சொம்பு தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை.

கடைசியில் மாமியார் தீர்ப்புச் சொன்னார். "மொதல்ல சாமியப் பாக்கறது. அப்புறமா செத்ததப் பாக்கறது. வூட்டுக்கு வந்து கிணத்தடியில எல்லாரும் தல முழுவறது. அவ்ளோதான்."

பெரிய கோர்ட்டில்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லமாட்டார்கள். நான் தோற்றேன்.

காணும் பொங்கலன்று விடிவதற்கு முன்னால் எழுந்து புளிசாதம் கிளறினேன். மாமியார் தனியாக ஒரு கூடை கட்டினார். தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, கற்பூரம், கதம்பம், பித்தளைத் தட்டு. செத்த காலேஜில் இருக்கிற சாமிக்கு அர்ச்சனையாம். என் கணவர் கூடையைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். மறுத்துப் பேசினால் பயணமே நின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும்.

அர்ச்சகர் எங்கே?

எழும்பூரில் ரயில் இறங்கி நடந்தோம். ஊரே அங்கேதான் இருந்தது. கரும்பும் கையுமாக, தலை கொள்ளாத பூவோடு, கிராமத்து ஜனமெல்லாம் சிவப்புக் கட்டடத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. வசந்தா தலையைத் திருப்பித் திருப்பிக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. 'ஆசையைப் பார்' என்று நினைத்துக்கொண்டேன்.

வெண்கலச் சிலைகள் இருக்கிற கூடத்து வாசலில் மாமியார் செருப்பைக் கழற்றினார். எங்களையும் கழற்றச் சொன்னார். உள்ளே போய் நடராஜருக்கு எதிரே தட்டை வைத்து, கற்பூரத்தைக் குவித்தார். காக்கி போட்ட ஒரு பெரியவர் ஓடிவந்தார்.

"அம்மா, இங்க கொளுத்தக் கூடாதும்மா!"

"நீ ஏத்து. அர்ச்சகரு எங்க?"

"அர்ச்சகர்லாம் கிடையாதும்மா."

"இத்தினி சாமி கீது, ஒரு அர்ச்சகர் இல்லியா? இன்னாய்யா கோயில் நடத்தறீங்க?"

அதற்குள் மாமியாருக்குப் பின்னால் நாலைந்து பெண்கள் கை கூப்பி நின்றுவிட்டார்கள். ஒருத்தி திருநீறு கேட்டாள். காக்கிக்காரர் நல்ல மனிதர். "மனசுல கும்பிட்டுக்கோம்மா, கற்பூரம் மட்டும் வேணாம்" என்று கெஞ்சினார். சரி என்று மாமியார் தட்டை இரண்டு கையாலும் தூக்கி நடராஜருக்குக் காட்டி, வீட்டு மனிதர் ஒவ்வொருவர் பேரும் நட்சத்திரமும் உரக்கச் சொல்ல ஆரம்பித்தார். அர்ச்சகர் இல்லாவிட்டால் என்ன, சாமிக்குக் காது இருக்கிறது.

சுந்தரம், திருவோணம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றான். சரோஜா, மகம். நான் கும்பிட்டேன்.

"வசந்தா, ரேவதி" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். "எங்க அவ?"

வசந்தா இல்லை. கூடம் முழுக்கக் கண்ணை ஓட்டினேன். என் கணவரும் இல்லை.

"நீங்க கும்பிடுங்க அத்தே, நான் பாத்துக்கினு வரேன்" என்றேன்.

எலும்புக்கூட்டுக்கு அடியில்

வாள், கேடயம், நாணயம், பஞ்சு அடைத்த பறவைகள், எதையும் நான் பார்க்கவில்லை. கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு போனேன். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றுதான் போனேன். கையும் களவுமாகப் பிடித்து, அங்கேயே மாமியாரைக் கூப்பிட்டு நிறுத்துவது என்று.

பெரிய எலும்புக்கூடுகள் வைத்திருக்கிற கூடத்து வாசலில் என் கணவர் நின்றிருந்தார். தனியாக. என்னைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது.

"சரோ, கத்தாதே" என்றார்.

அவர் தோளுக்கு மேலே பார்த்தேன். உள்ளே, திமிங்கிலத்தின் விலா எலும்புகளுக்கு அடியில் வசந்தா நின்றிருந்தாள். எதிரே ஓர் அம்மாள். வசந்தாவின் கன்னம் இரண்டையும் பிடித்துக்கொண்டு, "எளைச்சுட்டியேடி, எளைச்சுட்டியேடி" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவளை நான் கல்யாணப் பந்தலில் பார்த்திருக்கிறேன். வசந்தாவைப் பெற்றவள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வசந்தா கல்யாணத்தில் சம்பந்தி பந்தியில் எங்கள் மாமியார் இலைக்குப் பாயசம் வராமல் போய்விட்டது. வேண்டுமென்றே செய்தார்களா, பரிமாறுகிறவன் மறந்தானா, கடவுளுக்குத்தான் தெரியும். மாமியார் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். எழுந்தவர் எழுந்தவர்தான். தலைப்பொங்கலுக்கு வசந்தாவின் அப்பா கொண்டுவந்த வரிசை வாசலோடு திரும்பிப் போனது. அதற்குப் பிறகு அங்கிருந்து யாரும் வரக் கூடாது, இங்கிருந்து யாரும் போகக் கூடாது. அவர்கள் வீடு இதே எழும்பூருக்குப் பக்கத்தில், புதுப்பேட்டையில்.

"பள்ளிக்கூட வேலையா மெட்ராஸ் வந்தப்ப அவங்க வூட்டுக்குப் போய், இன்னிக்கு இங்க வரச் சொல்லிட்டு வந்தேன்" என்றார் அவர் தாழ்ந்த குரலில். "பாவம், பெத்தவங்களப் பாக்காம அழுதுகினே இருந்துச்சு."

"நாலஞ்சு நடராஜரு?"

"நான் சொல்லிக் குடுத்தது."

"மெழுகு பொம்ம?"

"அம்மா காதுல விழட்டும்னு. வசந்தாவுக்கு நெசமாவே சிலை பாக்க ஆசைன்னு அம்மா நம்பணுமில்ல?"

"சுந்தரத்துக்குத் தெரியுமா?"

"தெரியாது. அம்மாகிட்ட உளறிடுவான்."

"எனக்கு ஏன் சொல்லல?"

அவர் திமிங்கிலத்தைப் பார்த்தார். "நீதான் போகவே கூடாதுன்னு நின்னியே" என்றார்.

வேறு ஒருத்தியாக இருந்தால் அந்த இடத்தில் மனசு இளகியிருக்கும். எனக்கு இன்னும் எரிந்தது. அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு கூடுதலாக எரிந்தது. அவளுக்காக இவ்வளவு யோசித்திருக்கிறார். வீடு தேடிப் போயிருக்கிறார், பெற்ற தாயிடம் பொய் சொல்லியிருக்கிறார், கதவுக்குப் பின்னால் நிற்கிற பெண்ணுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். எல்லாம் அவள் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று. உள்ளே அந்த அம்மாள் மடியிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்து வசந்தாவின் தலையில் வைத்தாள். வைத்துவிட்டு எடுத்து, பின்னலைச் சரிசெய்து மறுபடியும் வைத்தாள்.

"எங்கடி போனீங்க எல்லாரும்?"

மாமியார் குரல். தட்டோடு வந்துகொண்டிருந்தார். இன்னும் பத்தடி வந்தால் எல்லாம் முடிந்துவிடும்.

நான் நல்லவள் என்பதால் செய்தேன் என்று எழுத மாட்டேன். அங்கே சண்டை வெடித்தால் என் கணவர் வசந்தா பக்கம் போய் நிற்பார். அதை என் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் ஓடிப்போய் வழியை மறித்தேன்.

"அத்தே, அத்தே, இதுக்கு மேல வராதீங்க! அங்க பூரா எலும்பு. கையில சாமிக்குக் காட்டின தேங்கா வெச்சிக்கினு கீறீங்களே!"

மாமியார் சட்டென்று நின்று தட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். "நல்லவேளை சொன்னடி. சின்னவ எங்க?"

"அவளுக்கு மயக்கமா வந்துச்சு. அவரு பாத்துக்கறாரு. வாங்க, மரத்தடியில உக்காரலாம்."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டேன். வெளியே மரத்தடியில் தேங்காயைக் கல்லில் உடைத்து, அக்கம்பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் மாமியார் பிரசாதம் கொடுத்தார். உள்ளே அவர்கள் பேசி முடிக்க வேண்டிய நேரம் கிடைத்தது. வசந்தா கண் சிவந்து, தலையில் மல்லிகையோடு வந்தாள்.

"இன்னாடி புதுப் பூ?" என்றார் மாமியார்.

"நான்தான் வாசல்ல வாங்கிக் குடுத்தேன் அத்தே" என்றேன். வசந்தா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

"நடராஜர் எப்படி இருந்தாரு வசந்தா?" என்று கேட்டான் சுந்தரம்.

"நான் எங்க பாத்தேன்" என்றாள் அவள்.

திரும்புகிற ரயில்

சாயங்கால ரயிலில் மாமியார் ஜன்னல் ஓரம் தூங்கிவிட்டார். குழந்தை சுந்தரத்தின் மடியில். வசந்தா அவன் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பரனூர் தாண்டி, கொளவாய் ஏரித் தண்ணீர் தெரிய ஆரம்பித்தது. எதிரே உட்கார்ந்திருந்த என் கணவர் முன்னால் சாய்ந்து, "நல்ல காரியம் பண்ண சரோ. இவ்ளோ நல்ல மனசுன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

பட்டமா கொடுக்கிறார் எனக்கு? அடக்கிவைத்ததெல்லாம் வந்துவிட்டது.

"எங்க அம்மாவும் இன்னிக்கு வாசல்லதான் நின்னுக்கினு இருந்திருப்பாங்க" என்றேன். "ஒவ்வொரு பஸ்ஸா பாத்துக்கினு."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதுக்காகவா மகாபலிபுரம்... சொல்லியிருக்கலாமே?"

"உங்க வூட்டுல மருமக சொல்லலாமா? வசந்தா சொன்னாளா?"

"அது சொல்லல. அழுதுச்சு."

"எனக்கு அழ வராது. இத்தினி நாளா தொண்ட கட்ட சண்ட போட்டேனே, அது உங்க காதுல விழலியா?"

ஏரிப் பக்கமாகத் திரும்பிக்கொண்டேன். ரயில் ஊது ஊது என்று ஊதிக்கொண்டு வேகத்தைக் குறைத்தது. ஜனங்கள் மூட்டை முடிச்சை இறக்க ஆரம்பித்தார்கள். அவர் கை மெதுவாக வந்து என் கைமேல் பட்டது.

"நாளைக்கே போலாம் சரோ. நானே அம்மாகிட்ட சொல்றேன்."

கையை எடுத்துக்கொண்டேன்.

"நாளைக்குக் காணும் பொங்கல் இல்ல" என்றேன்.